ஆறாம் எண் படத்தில் நீங்கள் இல்லை

மன்னித்துக்கொள்ளுங்கள் அக்கா. இல்லாத ஒருவருக்குக் கடிதம் எழுதுவது சரியா என்று தெரியவில்லை. உங்கள் நம்பருக்கு ஏதாவது அனுப்பலாம் என்று பார்த்தேன். அதை இப்போது வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள்; உங்கள் பெயருக்கு நேரே ஒரு லாரியின் படம் வருகிறது. அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். நீங்கள் இருந்தபோது நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசாதவள் இப்போது பக்கம் பக்கமாக எழுதுகிறேனே என்று சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

கட்டிலில் என் பக்கத்தில் ஒரு மடிப்புத்தாள் கிடக்கிறது. அல் கூஸில் உங்கள் ஓவியக் குழு வருடா வருடம் வைக்கும் கண்காட்சியில் கொடுத்தது. மனித உருவங்களை வரைந்த படங்கள் மட்டும் வைக்கும் அதே கண்காட்சிதான். உள்ளே படங்களின் பட்டியல் இருக்கிறது. ஆறாம் எண்ணுக்கு நேரே உங்கள் பெயர். அதன் கீழே ‘தன்னுருவம், காகிதத்தில் கரி’ என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருக்கிறார்கள். நேற்றிலிருந்து அந்த ஒரு வரியைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். அந்தப் படத்தை வரைந்தது நீங்கள்தான். ஆனால் அதில் இருப்பது நீங்கள் இல்லை. நான்.

முதலிலிருந்து எழுதிப் பார்க்கிறேன். எழுதினால் எனக்காவது தெளிகிறதா பார்க்கலாம்.

இந்த வளைகுடா ஊருக்கு வேலைக்கு வந்த நமக்கு ஒரே கான்ட்ராக்டிங் கம்பெனி. நீங்கள் டிராயிங் செக்‌ஷன். நான் கோப்புகளுக்கு எண் போட்டு அனுப்பும் வேலை. கராமாவில் ஒரே அறை, ஒரே அலமாரி. வாரம் முழுக்கக் கம்ப்யூட்டரில் தூணும் குழாயும் வரைகிற நீங்கள், ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு மனிதர்களை வரையப் போய்விடுவீர்கள். அந்தக் குழுவில் வெளியாளைக் கூட்டிவந்து உட்கார வைக்கும் வழக்கம் இல்லை என்று சொல்லியிருக்கிறீர்கள். வரைகிறவர்களே முறை வைத்து வருடத்துக்கு ஒரு தடவை மேடையில் உட்கார வேண்டும். சுவரில் அட்டவணை இருக்கும். உங்கள் முறை வந்தபோது ஏதேதோ காரணம் சொல்லி இரண்டு தடவை தள்ளிப்போட்டீர்கள். மூன்றாவது தடவை தள்ள முடியவில்லை.

அன்று நீங்கள் சமையலறையில் தோசை வார்த்துக்கொண்டிருந்தீர்கள். முகத்தைத் திருப்பாமலே கேட்டீர்கள்.

“ஞாயித்துக்கிழம எனக்குப் பதிலா நீ போயி உக்காருறியா?”

“ஐயோ, நானா? எல்லாரும் பாப்பாங்களேக்கா.”

“பாக்கத்தான்டி செய்வாங்க. பாக்காம எப்படி வரையிறது?”

“அப்ப நீங்களே உக்காரலாம்ல?”

நீங்கள் தோசையைத் திருப்பிப் போட்டீர்கள். அது கருகியது. பிறகு சொன்னீர்கள். “பொண்ணு பாக்க வந்தவங்க முன்னால உக்காந்து உக்காந்து எனக்குப் போதும்னு ஆயிருச்சு. ஒரு மகராசன், பொண்ணக் கொஞ்சம் நடந்து காட்டச் சொல்லுங்கன்னான். எங்கம்மாவும் நடடின்னாங்க. நடந்தேன். அன்னையோட சரி. இனிமே எவனும் என்னைய உக்கார வச்சுப் பாக்கக் கூடாது.”

உங்களுக்கே அது அதிகமாகிவிட்டது போலிருந்திருக்கும். உடனே கேலிக்கு மாறிவிட்டீர்கள். “நீ மொகத்தக் காட்ட வேணாம்டி. திரும்பி உக்காந்துக்க. முதல் பட்டதாரின்னு தாசில்தாரே கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காரு. ஒரு ஸ்டூல்ல உக்காரப் பயமா உனக்கு?”

கல்லூரியில் சேர நான் வாங்கிய அந்தச் சான்றிதழைப் பற்றி உங்களிடம் ஒரு நாள் தெரியாமல் சொல்லிவிட்டேன். அதிலிருந்து லிஃப்ட்டில் தனியாகப் போவதற்கும், மேனேஜரிடம் லீவு கேட்பதற்கும், எல்லாவற்றுக்கும் தாசில்தாரை இழுப்பீர்கள். எனக்குக் கோபம் வந்ததே இல்லை.

சேலை கட்டி உட்காருவதாக நீங்கள் குழுவில் சொல்லி வைத்திருந்தீர்கள். அதனால் உங்கள் மெரூன் சுங்குடியையே எனக்குக் கட்டிவிட்டீர்கள். தோளில் பின் குத்திக்கொண்டேன். நீங்கள் பின் குத்தவே மாட்டீர்கள். “சேலைய நம்பணும்டி” என்பீர்கள். எனக்கு எதையும் நம்பி வழக்கமில்லை.

ஒரு பலகை மேடை, அதன்மேல் ஸ்டூல். குழுவை அப்போது நடத்திய ஆங்கிலேய டீச்சர் என் பாதங்களைச் சுற்றி நீல டேப் ஒட்டினார். ஓய்வுக்கு எழுந்து போனாலும் திரும்பி வந்து அதே இடத்தில் கால் வைக்க வேண்டும். இருபது நிமிடம் அசையாமல் உட்கார வேண்டும், ஐந்து நிமிடம் ஓய்வு, மறுபடி இருபது. எனக்கு எதிரே வெள்ளைச் சுவர். பக்கத்து வேர்ஹவுஸில் மார்பிள் அறுக்கும் சத்தம். அது நிற்கும்போதெல்லாம் பின்னால் கரித்துண்டுகள் காகிதத்தில் உரசுவது கேட்டது. உங்களையும் சேர்த்து ஆறு பேர். உங்களுடையது எது என்று கொஞ்ச நேரத்திலேயே தெரிந்துவிட்டது. மற்றவர்கள் நிறுத்தாமல் தேய்த்தார்கள். நீங்கள் ஒரு கோடு இழுத்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தீர்கள். அந்தச் சும்மா இருக்கும் நேரமெல்லாம் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரிந்தது. முதலில் முதுகில் எறும்பு ஊர்வது போல இருந்தது. மூன்றாவது இருபது நிமிடத்தில் அது நின்றுவிட்டது. அதற்குப் பிறகு இருந்ததற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.

முடிந்ததும் யாருடைய படத்தையும் பார்க்காமல் பாத்ரூமுக்கு ஓடிப்போய் உடை மாற்றிக்கொண்டேன். டீச்சர் ஒழுங்கானவர். தேதியும் அன்று உட்கார்ந்தவர் பெயரும் அச்சடித்த ஸ்டிக்கர்களை முன்னாலேயே தயாராக வைத்திருந்து ஒவ்வொரு படத்தின் பின்னாலும் ஒட்டி, குழுவின் அலமாரியில் வைத்துக்கொண்டார். அட்டவணையில் இருந்தது உங்கள் பெயர். நீங்களும் மாற்றச் சொல்லவில்லை. “என் மொற கழிஞ்சிருச்சுல்ல, இருந்துட்டுப் போவட்டும்” என்றீர்கள். பஸ்ஸில் வரும்போது வேறொன்றும் சொன்னீர்கள்.

“உனக்கு ஒரு தோள் எறங்கியிருக்குடி. காலேஜ் பைய அந்தப் பக்கமே மாட்டுவியா?”

“ஆமாக்கா. பஸ்ல நின்னுக்கிட்டேதான் போவேன்.”

“அந்தத் தோளத்தான் மூணு தடவ அழிச்சு அழிச்சுப் போட்டேன். நேரா போட்டா அது நீயா இல்ல.”

படத்தை ஒரு நாள் காட்டுவதாகச் சொன்னீர்கள். பிறகு அந்தக் கோடையில் லீவில் திருச்சிக்குப் போனீர்கள். டெங்கு என்றார்கள். ஆபீஸில் ஒரு மெயில் வந்தது. இரண்டு வாரத்தில் உங்கள் கட்டிலுக்கு வேறொரு பெண் வந்துவிட்டாள். நல்ல பெண்தான். அலமாரியில் உங்கள் இரண்டு தட்டுகளில் அவள் துணி அடுக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அழுகை வரவில்லை. ஏன் என்று இன்றும் தெரியாது.

இந்த வருடக் கண்காட்சிக்கு என்னைக் கூப்பிட்டது இப்போது குழுவை நடத்தும் ஷாஜி சேட்டன். பகலில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். நான் உட்கார்ந்த அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு குழுவில் சேர்ந்தவர். உங்கள் நினைவாக ஒரு சுவரை ஒதுக்கியிருப்பதாகச் செய்தி அனுப்பியிருந்தார். நீங்கள் வரைந்த படங்கள் இருக்கும் என்று நினைத்துப் போனேன்.

வாசலுக்கு நேர் எதிரே உங்கள் சுவர். நுழைந்ததும் அந்தச் சுங்குடியின் புள்ளிகள்தான் கண்ணில் பட்டன. ஒரு நொடி நீங்கள்தான் என்று நினைத்துவிட்டேன் அக்கா. அந்த ஒரு நொடி மட்டும் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்! பிறகு தோளில் பின் தெரிந்தது.

வரிசையாக ஆறு முதுகுகள். எல்லாம் என்னுடையவை. ஒருவர் என் சடையைத் தடித்த கயிறாக்கியிருந்தார். ஒருவர் என்னை இளைக்க வைத்திருந்தார். ஒருவருக்குச் சேலைதான் முக்கியம், அதற்குள் ஆளே இல்லை. ஸ்டிக்கரில் இருந்த பெயரை அப்படியே எழுதியிருக்கிறார்கள். போன கண்காட்சிக்கு நீங்கள் இதே சேலையில் வந்ததால் யாருக்கும் சந்தேகமும் வரவில்லை. ஆறாவது படத்தில் வரைந்தவர் பெயரும் உட்கார்ந்தவர் பெயரும் ஒன்றாக இருந்ததால் அது ‘தன்னுருவம்’ ஆகிவிட்டது. அன்று வரைந்த ஆறு பேரில் ஒருவர்கூட இன்று இந்த ஊரில் இல்லை, உங்களையும் சேர்த்து. டீச்சர் தன் நாட்டுக்குத் திரும்பிவிட்டார். மற்றவர்கள் தோஹா, மஸ்கட், எங்கெங்கோ. இங்கே எந்தக் கூட்டமும் இரண்டு வருடத்துக்கு மேல் அதே முகங்களோடு இருப்பதில்லையே.

அடுத்து நான் செய்ததைச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பீர்கள். யாராவது என் முதுகைப் பார்த்து ஒப்பிட்டுவிடுவார்கள் என்று பயந்து, கண்காட்சி முழுவதையும் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டே நண்டு மாதிரி சுற்றினேன். பஸ் ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் தொழிலாளி, ஷூவைக் கழற்றிவிட்டுக் காலைத் தேய்த்துக்கொள்ளும் நர்ஸ், வெறும் கைகளாக வரைந்த ஒரு வரிசை, எல்லாவற்றையும் பக்கவாட்டில் பார்த்தேன். ஒரு படத்தின் மேலேயே சாய்ந்துவிட்டேன் என்று காவலாளி வந்து “சிஸ்டர், பிளீஸ்” என்றார்.

உங்கள் சுவருக்குப் பக்கத்தில் கோயம்புத்தூர்ப் பேச்சில் ஒரு கணவனும் மனைவியும் நின்றிருந்தார்கள்.

“ஏனுங்க, தன் முதுகைத் தானே எப்படிங்க பாத்து வரைஞ்சிருப்பாங்க?”

“ரெண்டு கண்ணாடி வெச்சாத் தெரியுமல்லோ. சலூன்ல காட்டமாட்டானா?”

“சலூன்ல அவன் அரை நிமிசம் காட்டுவான். நீங்களும் நல்லாருக்குன்னு தலையாட்டிட்டு வந்துருவீங்க. இது மணிக்கணக்கா ஆகியிருக்குமே.”

“அதுதான் ஆர்ட்டுங்கறது. உனக்கென்ன தெரியும்?”

“உங்களுக்குந்தான் தெரியல. கண்ணாடி கண்ணாடிங்கறீங்க.”

அந்த அம்மாள் நகர்ந்து போகும்போதும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேனோ என்னவோ.

ஷாஜி சேட்டன் வந்தார். நான் தொடங்கினேன். “சேட்டா, இந்தப் படத்துல இருக்கறது…”

“அறியாம் மோளே, தெரியும். பாக்கும்போ எனக்கும் சங்கடம் வந்து.” அவர் கண் கலங்கியிருந்தது. தொடங்கியதை அப்படியே விட்டேன். “இதில் ஒண்ணு அவங்க அம்மைக்குக் கொடுக்கணும்னு குரூப்பில் எல்லாரும் தீருமானிச்சு. திருச்சிக்காரர் ஒருத்தர் வியாழக்கிழமை போறார், கொண்டுபோய்க் கொடுப்பார். நீங்க இப்போ வீடியோ கால் பண்ணி அம்மைக்குக் காட்டுங்க. எனக்குத் தமிழ் கொறச்சுதான்.”

உங்கள் அம்மாவைக் கூப்பிட்டேன். உங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். பின்னால் மாலை போட்ட உங்கள் படம். விசாவுக்கு எடுத்ததைப் பெரிதாக்கியது. “அதுல அவ யாரோ மாதிரி இருக்கா” என்று அம்மா எப்போதும் சொல்வார். நான் போனில் பின்பக்கக் கேமராவுக்கு மாற்றி, ஒவ்வொரு படமாகக் காட்டினேன். காட்டி முடித்ததும் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் இருந்தேன். சத்தியமாக அக்கா.

ஆறாவது படத்தில் அம்மா நிறுத்தச் சொன்னார். “தோள் எறங்கிக் கெடக்கு பாரு. கம்ப்யூட்டர் முன்னால உக்காந்து உக்காந்து எம்புள்ளைக்கு இப்படி ஆயிருச்சு” என்றார். கையை நீட்டித் தன் போனின் மேல் மெல்லத் தடவினார். திரை முழுக்க அவருடைய விரல்தான் தெரிந்தது. கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள், எனக்கு இங்கே முதுகு சிலிர்த்தது.

பிறகு கேட்டார். “ஏங்கண்ணு, ஏன் எல்லாத்துலயும் திரும்பியே உக்காந்திருக்கா?”

“வரையறதுக்காகம்மா. அப்படி ஒரு வழக்கம்.”

“எங்கூட கோவமா?”

பதிலுக்குக் காத்திருக்காமல் அம்மாவே சொன்னார். “வந்த அன்னிக்கே ஒரு எடம் வந்திருக்குன்னு வாய விட்டுட்டேன். மூஞ்சத் திருப்பிக்கிட்டுப் போயிப் படுத்தா. அப்பறம் காய்ச்சலு. நல்லபடியா ஒரு வார்த்த பேசவே இல்ல.” மூக்கைத் துடைத்துக்கொண்டார். “கண்ணு, நீதான் அவகூட இருந்தவ. எந்தப் படத்துல அவளுக்குக் கோவம் இல்லையோ, அத நீயே பாத்து அனுப்பி வையி.”

ஒரு முதுகில் கோபம் இருக்கிறதா இல்லையா என்று எப்படிப் பார்ப்பது? பார்த்தேன். தெரிந்தது. ஐந்து பேருக்கு நான் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தேன். அது பயம், பார்ப்பவர்களுக்குக் கோபம் மாதிரி இருக்கும். உங்கள் படத்தில் மட்டும் விறைப்பே இல்லை. பத்துப் பன்னிரண்டு கோடுகள்தான். கழுத்தடியில் சின்ன மயிர், பின், மூன்று தடவை துடைத்துத் துடைத்துக் கீழே இறக்கிய அந்தத் தோள். அழித்த கோடுகளின் புகை அப்படியே இருக்கிறது. அம்மா கேட்டது அந்தப் படம்தான். ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும்.

நான் நாலாவது படத்தைக் காட்டினேன். யாரோடோ சண்டை போட்டுவிட்டுத் திரும்பி உட்கார்ந்த மாதிரி இருக்கும் படம். “இதுலதாம்மா” என்றேன்.

“நீ சொன்னாச் சரி கண்ணு” என்றார் அம்மா.

ஷாஜி சேட்டன் நாலாவதன் ஓரத்தில், எடுத்தாயிற்று என்பதற்கு அடையாளமாகச் சிவப்புப் பொட்டு ஒட்டினார். “அம்மைக்கு மகள் வரைஞ்ச படம் வேண்டாமா?” என்று ஒரு தடவை கேட்டார். “அம்மா இதத்தான் கேட்டாங்க” என்று சொல்லிவிட்டேன். ஸ்டூலில் உட்காரவே நடுங்கியவள், ஐந்து நிமிடத்தில் இரண்டு பேரிடம் இரண்டு பொய் சொன்னேன். குரல்கூட நடுங்கவில்லை.

அதிலிருந்து ஒன்றும் விளங்கவில்லை அக்கா. அம்மாவிடம் உண்மையைச் சொன்னால் அவருக்கு ஒரு பாரம் இறங்கும். திரும்பி உட்கார்ந்தது மகள் இல்லை, மகளுக்குப் பதிலாகப் போன ஒரு கூச்சக்காரி. ஆனால் அதைச் சொல்லும்போதே, ‘நீங்கள் தடவிக்கொடுத்தது உங்கள் மகளை இல்லை அம்மா’ என்றும் சொல்லியாக வேண்டும். மறுபடியும் அவருக்கு அந்த விசா போட்டோ மட்டும்தான் மிஞ்சும். சொல்லாவிட்டால், வியாழக்கிழமை ஒரு கோபக்கார முதுகு உங்கள் வீட்டுக்குப் போய்ச் சேரும். அது உங்கள் உருவமும் இல்லை, நீங்கள் வரைந்ததும் இல்லை. அம்மா அதைத் தினமும் பார்த்துக்கொண்டு, நாம் என்ன செய்தோம் என்று கேட்டுக்கொண்டிருப்பார். ஆறாவது படமாவது போனால் உங்கள் கை பட்ட காகிதம் என்று ஒன்று அவரிடம் இருக்கும். இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்துதான் நாலாவதைக் காட்டினேன்.

இப்படி எழுதிக்கொண்டே வந்ததில், அம்மாவுக்காகவே தவிக்கும் நல்ல பெண் போல நான் தெரியக்கூடும். அது சரியில்லை. சொல்லிவிடுகிறேன். உண்மையைச் சொல்ல வேண்டும் என்று நேற்றிரவிலிருந்து தோன்றுவது அம்மாவின் மனம் ஆறுவதற்காகவா? அல்லது, அது என் படம் என்று தெரிந்தால் அம்மாவே “நீயே வச்சுக்க கண்ணு” என்று சொல்லிவிடுவார் என்பதற்காகவா? இரண்டையும் பிரித்துப் பார்க்க முயன்றேன். முடியவில்லை.

எங்கள் வீட்டில் யாரும் யாரையும் நின்று பார்ப்பதில்லை. பாசம் இல்லாமல் இல்லை, எல்லோருக்கும் வேலை இருக்கும். அப்பா என் பட்டமளிப்பு போட்டோவைக்கூடத் தாளைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்து, “சரி, பத்திரமா வையி” என்றார். ஒருவர் என்னை அவ்வளவு நேரம் பார்த்தது அந்த ஒரே ஞாயிற்றுக்கிழமைதான். பார்க்கப்படுவதையே வெறுத்த நீங்கள் என்னைப் பார்த்தது எனக்கு வலிக்கவே இல்லை. அந்தப் பெயர் தெரியாத அமைதி இப்போதும் சில சமயம் வருகிறது, ஆபீஸில் கோப்புக்கு எண் போடும்போது, மெட்ரோவில் நிற்கும்போது. பின்னால் யாரோ ஒரு கோடு இழுத்துவிட்டுச் சும்மா இருப்பது போல. என்னிடம் உங்களுடையது என்று மிஞ்சியிருப்பது அதுதான்.

நாளைக்கு ஷாஜி சேட்டனைக் கூப்பிடுவேன். சிவப்புப் பொட்டை மாற்ற வேண்டும் என்பேன். பிறகு அம்மாவைக் கூப்பிடுவேன். எந்த வார்த்தையில் தொடங்குவது என்று தெரியவில்லை, ஆனாலும் கூப்பிடுவேன். எல்லாம் தெரிந்த பிறகும், என் மகள் வரைந்தது எனக்கு வேண்டும் என்று அம்மா சொன்னால், ஆறாவது படம் அவரிடம்தான் போகும். அப்போது நான் வாயைத் திறக்கமாட்டேன். எனக்கு வேண்டும் என்று நான் யாரிடமும் எதையும் கேட்டவள் இல்லை, உங்களுக்குத் தெரியும். அதனால் அதற்கு முன்னால், வரைந்தவரிடம் ஒரே ஒரு தடவை கேட்டுவிடுகிறேன்.

அந்தப் படம் எனக்கு வேண்டும் அக்கா. எனக்குத் தாருங்கள்.